ஸ்காட்லாந்தில் கம்யூனிட்டி கவுன்சில்: அது என்ன செய்யும், நீங்கள் போகலாமா?

கேள்வி இது: "ஸ்காட்லாந்தில் ஒரு சிறிய ஊருக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. நூலக வாசலில் கம்யூனிட்டி கவுன்சில் கூட்டம், யாரும் வரலாம் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியா இது? எங்கள் வீட்டுப் பக்கத்து நடைபாதையில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை. பின்னால் இருக்கும் வயலில் வீடுகள் வரப்போவதாகவும் பேச்சு. அங்கே போய்ச் சொன்னால் ஏதாவது நடக்குமா? நாங்கள் இன்னும் விசாவில்தான் இருக்கிறோம். எங்களைப் போன்றவர்கள் போகலாமா?"

போகலாம். போங்கள். ஆறு வருடம் எங்கள் ஊர் கம்யூனிட்டி கவுன்சிலில் உறுப்பினராக இருந்தேன். அதில் நான்கு வருடம் செயலர். எங்களைத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. வந்திருந்தால் அவர்களுக்கும் ஊருக்கும் நல்லதாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எதை எதிர்பார்த்துப் போவது என்று தெரியாமல் போனால் முதல் கூட்டத்திலேயே ஏமாற்றமாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இங்கே கவுன்சில் என்ற சொல் இரண்டு வேறு அமைப்புகளுக்குப் பொது. குப்பை எடுப்பது, பள்ளிக்கூடம் நடத்துவது, சாலை போடுவது, கவுன்சில் டாக்ஸ் வாங்குவது எல்லாம் பெரிய கவுன்சில். ஸ்காட்லாந்து முழுவதற்கும் அப்படி 32 இருக்கின்றன. நூலக வாசலில் நீங்கள் பார்த்தது அதுவல்ல. அது ஊரளவில் உள்ள ஒரு சிறிய மன்றம். அதில் இருப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். இதைப் போலச் சுமார் 1,200 இருக்கின்றன. குழப்பம் வராமல் இருக்க, இனி பெரியதைக் கவுன்சில் என்றும் இந்தச் சிறியதை ஊர்மன்றம் என்றும் சொல்கிறேன்.

ஊர்மன்றம் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் சட்டென்று புரியும். 1975 வரை இங்கே பரோ என்ற தகுதி பெற்ற ஒவ்வொரு நகரத்துக்கும் தனக்கென்று ஒரு நகரசபை இருந்தது. அந்த வருடம் உள்ளாட்சியை மொத்தமாகக் கலைத்துப் பெரிய பெரிய வட்டாரங்களாக மாற்றினார்கள். அப்படிச் செய்தால் ஊர்க்காரரின் குரல் தொலைந்துபோகும் என்ற கவலை முன்பே இருந்தது. உள்ளாட்சியை ஆராய அமைத்த வீட்லி ஆணையம் 1969ல் தந்த அறிக்கை, ஊரளவில் ஒரு மன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து உள்ளாட்சிச் சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது. ஊர்மன்றத்தின் வேலை என்ன என்பதை அந்தச் சட்டம் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். ஊர் மக்களின் கருத்தைக் கேட்டறிவது, அதை ஒன்றுசேர்ப்பது, கவுன்சிலுக்கும் மற்றப் பொது அமைப்புகளுக்கும் எடுத்துச் சொல்வது. கூடவே, ஊர் நலனுக்குத் தகுந்தது என்று படுவதை, முடிந்த அளவில் தானே செய்வது. அவ்வளவுதான்.

வரி வாங்கும் அதிகாரம் அதில் இல்லை. யாருக்கும் உத்தரவு போட முடியாது. வேல்ஸில் இதே பெயரில் இருக்கும் மன்றங்களும் இங்கிலாந்தில் ஊரளவில் இருக்கும் பாரிஷ் கவுன்சில்களும் கவுன்சில் டாக்ஸோடு சேர்த்துத் தங்களுக்கென ஒரு தொகை வசூலித்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் அது கிடையாது. கவுன்சில் தரும் சிறிய நிர்வாக மானியம்தான் வரவு. கூட்ட அறை வாடகை, தபால், காப்பீடு, இணையதளம் என்று போனால் அதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. எனவே நம் ஊர்ப் பஞ்சாயத்தோடு ஒப்பிடாதீர்கள், கிராம சபையோடு ஒப்பிடுங்கள். எழுந்து நின்று பேசலாம், பேசியது பதிவாகும், அதிகாரத்தில் இருப்பவர் காதில் விழும். ஊர்மன்றத்தின் முழு பலமும், அது சொல்வது ஊரார் சொல்வதுதான் என்று கவுன்சில் அதிகாரி நம்புவதில் இருக்கிறது.

சரி, உங்கள் விளக்குக்கு வருவோம்.

எரியாத விளக்கோடு நேராகக் கூட்டத்துக்குப் போக வேண்டாம். முதலில் கவுன்சிலின் இணையதளத்தில் புகார் பதியுங்கள். விளக்குக் கம்பத்தில் ஒரு எண் இருக்கும், அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். "தபால் நிலையத்துக்குப் பக்கத்து விளக்கு" என்று எழுதினால் பழுது பார்ப்பவர் வந்து வேறு கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இது நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பதிந்ததும் ஒரு குறிப்பு எண் தருவார்கள். அந்த எண்ணோடு சில வாரம் பொறுத்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் அப்புறம் ஊர்மன்றம்.

ஊர்மன்றம் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். உங்கள் பகுதியின் கவுன்சிலர்கள், அதாவது கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், வழக்கமாக ஊர்மன்றக் கூட்டத்துக்கு வருவார்கள். ஓட்டுரிமை இருக்காது, ஆனால் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் குறிப்பு எண்ணையும் தேதியையும் சொன்னதும் செயலர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுவார். பக்கத்தில் யார் கவனிக்க வேண்டும் என்ற பெயரும் ஏறும். அடுத்த மாதக் கூட்டம் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் ஆரம்பிக்கும். "விளக்கு என்ன ஆயிற்று?" என்று ஊரார் முன்னால் கேள்வி வரும். மாதாமாதம் அந்தக் கேள்வி திரும்ப வந்துகொண்டே இருக்கும். நான் பார்த்தவரை பாதி வேலையை முடித்துக்கொடுத்தது அந்தக் கூட்டக் குறிப்புதான். எங்கள் ஊரில் பள்ளிக்குப் போகும் சந்து ஒன்றில் விளக்கு போட, ஒரே வரி ஏழு கூட்டக் குறிப்புகளில் தொடர்ந்து இடம்பெற்றது. எட்டாவதில் "முடிந்தது" என்று எழுதினேன். நான்கு வருடச் செயலர் வேலையில் நான் மிகவும் சந்தோஷமாக எழுதிய வரி அது.

இன்னொன்றும் பாருங்கள். எல்லா விளக்கும், எல்லாச் சாலையும் கவுன்சிலுடையது இல்லை. ஊருக்கு வெளியே ஓடும் முக்கிய நெடுஞ்சாலை அரசின் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஸ்காட்லாந்தின் பொறுப்பு. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஸ்காட்டிஷ் வாட்டருடையவை. ஆனால் சாலையோர மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டால் அது கவுன்சில் வேலை. புதிதாகக் கட்டிய குடியிருப்பு என்றால் தெரு இன்னும் கட்டுநர் கையிலேயே இருக்கலாம். வந்த புதிதில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஊர்மன்றத்தில் இருபது வருடம் உட்கார்ந்த ஒருவருக்கு விரல் நுனியில் இருக்கும். "இதற்கு யாரைப் பிடிக்க வேண்டும்?" என்ற ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே நீங்கள் போனது வீணில்லை.

பின்பக்க வயல் விஷயம் இதைவிடப் பெரியது. ஊர்மன்றத்தின் குரலுக்குச் சட்டப்படி இடம் இருப்பது கட்டட அனுமதியில்தான். தங்கள் பகுதியில் வரும் கட்டட விண்ணப்பங்களின் பட்டியல் வாராவாரம் அவர்களுக்கு வரும். ஒரு விண்ணப்பத்தைப் பற்றித் தங்களைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் கவுன்சில் கேட்டாக வேண்டும். அவர்கள் முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தால், அதிகாரி தன் மேசையிலேயே முடிவெடுக்காமல் கவுன்சிலர்கள் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி பல கவுன்சில்களில் இருக்கிறது. பெரிய குடியிருப்புத் திட்டம் என்றால் இன்னும் முன்னாலேயே தெரிந்துவிடும். விண்ணப்பம் போடுவதற்குக் குறைந்தது 12 வாரம் முன்பே கட்டுநர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதன் நகல் ஊர்மன்றத்துக்கும் போக வேண்டும். எனவே உங்கள் வயலைப் பற்றிய பேச்சு வெறும் பேச்சா, காகிதத்தில் இருக்கிறதா என்பதைச் செயலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் தெரிந்துகொள்ளலாம்.

விண்ணப்பம் வந்துவிட்டால் நாட்கணக்குதான் எல்லாம். இடத்தின் எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கும் அண்டை வீட்டாருக்குக் கவுன்சில் கடிதம் அனுப்பும். கருத்துச் சொல்ல 21 நாள் இருக்கும். ஊர்மன்றமோ மாதம் ஒரு முறை கூடுவது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் ஒரு விண்ணப்பம் வந்து, அவகாசமும் முடிந்துபோகலாம். எங்களுக்கு ஒரு முறை அப்படி ஆனது. கடிதம் நான்கு நாள் தாமதம். கால்வாய் ஓரமாக நின்ற ஒரு வரிசை மரங்கள் அதோடு போயின. அதற்குப் பிறகுதான் மூன்று பேர் கொண்ட ஒரு துணைக்குழு வைத்தோம். வாரப் பட்டியல் வந்த அன்றே பார்த்து, தேவைப்பட்டால் கூடுதல் அவகாசம் கேட்பது அவர்கள் வேலை. உங்கள் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

எதைச் சொல்வது என்பதும் உண்டு. வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும், வீட்டின் விலை இறங்கும், கட்டுபவர் நல்லவர் இல்லை: இவை மூன்றையும் அதிகாரி கணக்கிலேயே எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. போக்குவரத்து நெரிசல், மழைநீர் வடிகால், வெள்ளம், பக்கத்து வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும்படி அமைந்த ஜன்னல், வெளிச்சம் மறைவது, மரங்கள், பள்ளியில் இடம் போதுமா என்பது போன்றவை கணக்கில் வரும். எங்கள் ஊரில் ஒரு வயலுக்கு அறுபது வீடுகள் என்று திட்டம் வந்தபோது, காட்சி போய்விடும் என்றுதான் முதலில் எல்லோரும் கொதித்தார்கள். கூட்டத்தின் கடைசியில், அதுவரை வாய் திறக்காத ஒரு பாட்டி, வயலின் கீழ்மூலையில் ஒவ்வொரு குளிர்காலமும் தண்ணீர் நிற்கும் என்றார். பதினோரு வருடப் புகைப்படங்களை வீட்டில் வைத்திருந்தார், தேதியோடு. எங்கள் கடிதத்தின் முதுகெலும்பே அந்தப் படங்கள்தான். வடிகால் ஆய்வைத் திரும்பச் செய்யச் சொல்லி அதிகாரி கேட்டார். வீடுகள் வந்தன, தடுக்க முடியவில்லை. தடுக்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை, வீடில்லாமல் திண்டாடும் இளம் குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இருந்தன. ஆனால் கீழ்மூலையில் வீடு இல்லை. அங்கே இப்போது மழைநீர்க் குளம் ஒன்று இருக்கிறது, வாத்துகள் வருகின்றன.

ஒன்று கசப்பாக இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுநருக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அவர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கிடைத்துவிட்டால் ஊர்மன்றமோ அண்டை வீட்டாரோ மேல்முறையீடு செய்ய ஸ்காட்லாந்தில் வழியில்லை. இது நியாயமில்லை என்பது என் கருத்து. அதனால்தான் ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு திட்டமிடல் சட்டம் இதில் ஒரு நல்ல கதவைத் திறந்திருக்கிறது. தங்கள் இடம் எப்படி வளர வேண்டும் என்று ஊராரே ஒரு திட்டம் எழுதிக் கொடுக்கலாம், ஊர்மன்றமே அதை முன்னின்று செய்யலாம். கவுன்சில் தன் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும்போது அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். எங்கே வீடு வரலாம், எங்கே வரக் கூடாது, எந்தப் பாதையை விட்டுவைக்க வேண்டும் என்று விண்ணப்பம் வருவதற்குப் பல வருடம் முன்பே சொல்லிவைக்கலாம். உழைப்பு அதிகம், ஆட்கள் வேண்டும். ஆனால் வயல் வயலாகச் சண்டை போடுவதை விட இது எவ்வளவோ மேல்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுக்கடை உரிமத்துக்கு யாராவது விண்ணப்பித்தால் ஊர்மன்றத்துக்குத் தகவல் வரும். பள்ளியை மூட நினைத்தால் ஊர்மன்றத்தையும் கேட்க வேண்டும். பழைய பரோ நகரங்களுக்கு ‘காமன் குட்’ என்ற பொதுச் சொத்து உண்டு. பூங்கா, மண்டபம், ஆற்றங்கரை நிலம் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை விற்பதற்கோ வேறு காரியத்துக்கு மாற்றுவதற்கோ முன் கவுன்சில் ஊர்மன்றத்துக்கு அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் அலட்சியமாக விடாதீர்கள், விற்ற நிலம் திரும்பி வராது.

பக்கத்தில் காற்றாலை இருந்தால் கதையே வேறு. ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு வீதம், விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, சுற்றியுள்ள ஊர்களுக்குத் தர வேண்டும் என்பது ஸ்காட்லாந்து அரசின் வழிகாட்டுதல். சட்டக் கட்டாயம் இல்லை, ஆனாலும் பல நிறுவனங்கள் தருகின்றன. 40 மெகாவாட் காற்றாலை என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் பவுண்டு. தபால் செலவுக்குக் கணக்குப் பார்த்த மன்றத்தின் முன்னால் திடீரென்று இவ்வளவு பணம்! பல இடங்களில் இதைப் பங்கிடத் தனி அறக்கட்டளை வைத்திருப்பார்கள், ஊர்மன்றம் அதற்கு ஆட்களை நியமிக்கும். உங்கள் ஊரில் அப்படி ஒரு நிதி இருந்தால் அதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்த இடம் வேண்டும், மண்டபத்தில் பொங்கல் வைக்க வேண்டும் என்றால் விண்ணப்பித்துப் பார்க்கலாம். நிதியின் விதிகளுக்குள் வந்தால் நீங்களும் மற்ற எந்தக் குழுவையும் போலத்தான்.

புயல் காலமும் உண்டு. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்து வடகிழக்கில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. தனியாக இருக்கும் முதியவர் யார், ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர் யார், மண்டபச் சாவி யாரிடம், எரிவாயு அடுப்பு எங்கே என்பதெல்லாம் ஊரில் இருப்பவருக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலை எழுதி வைப்பது, அவசரகாலத் திட்டம் ஒன்று தயாரிப்பது போன்ற வேலைகளை இப்போது பல ஊர்மன்றங்கள் செய்கின்றன.

குறையையும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் போட்டியிட ஆளே இல்லை. இருக்கும் இடங்களை விட வேட்பாளர்கள் குறைவு என்பதால் வாக்கெடுப்பு இல்லாமலேயே உறுப்பினராகிவிடுகிறார்கள். நான் சேர்ந்ததும் அப்படித்தான். அதனால் ஒரே முகங்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். வாடகை வீட்டில் இருப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தையோடு இருக்கும் தாய், புதிதாக வந்தவர்: இவர்களின் குரல் அங்கே கேட்பது அபூர்வம். எங்கள் கூட்டத்தில் ஒரு வருடம் முழுக்க நாய் அசுத்தம் பற்றியும் கார் நிறுத்துவது பற்றியும் பேசினோம். மாலை ஆறு மணிக்கு மேல் பேருந்து இல்லை என்பதை யாரும் எழுப்பவில்லை, ஏனென்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் கார் இருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண் ஒரு நாள் வந்து, தினமும் இரவு நாற்பது நிமிடம் இருட்டில் நடந்து வீட்டுக்குப் போவதாகச் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அன்று மிகவும் வெட்கமாக இருந்தது. ஊரின் குரல் என்று கடிதத் தலைப்பில் போட்டுக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை நாங்கள் கேட்டதே இல்லை.

அதனால்தான் உங்களைப் போகச் சொல்கிறேன். விசாவில் இருப்பது தடையே இல்லை. கூட்டத்துக்கு யாரும் வரலாம், பேசலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி தங்கும் அனுமதியோடு இங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பதியலாம், வாக்களிக்கலாம். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது, குடியுரிமை வாங்கினால்தான் ஓட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளாட்சித் தேர்தலில் 16 வயதிலேயே ஓட்டு, 14 வயதில் பெயர் பதியலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கவனியுங்கள். ஊர்மன்றத்தில் உறுப்பினராகவும் பெரும்பாலான இடங்களில் அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆள் குறையும்போது இடையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. ஒருவேளை பக்கத்து ஊரில் ஊர்மன்றமே செயலிழந்து கிடந்தால், அந்தப் பகுதி வாக்காளர்கள் 20 பேர் எழுத்துமூலம் கேட்டாலே போதும், கவுன்சில் ஆறு வாரத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது கொஞ்சம் முன்னதாகப் போய்ச் செயலரிடம் பேசிவிடுங்கள். நிகழ்ச்சி நிரலில் பொதுமக்கள் பேச ஒரு நேரம் இருக்கும், உங்கள் விஷயத்தை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். எங்கே, எப்போதிலிருந்து, யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது. எழுதிப் பார்த்துப் படித்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், அங்கே அவர்கள் பேசுவதே முதல் அரைமணி நேரம் உங்களுக்குப் புரியாமல் போகலாம், பிறகு பழகிவிடும். ஒரு கூட்டத்தோடு நிறுத்தாமல் அடுத்த மாதமும் போங்கள், போன மாதக் குறிப்பில் உங்கள் விஷயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தவறாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லலாம்.

வயல் பற்றிச் செயலருக்கு இன்றே எழுதிவிடுங்கள், கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். விளக்கு இன்னும் பதியாமல் இருந்தால் நாளைக் காலை அந்த வழியாகப் போகும்போது கம்பத்து எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.